கார் ஏன் சூடாகிறது? ரேடியேட்டரும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் பற்றி ஓர் எளிய விளக்கம்

"வண்டி ஹீட் ஆகுது" என்று சொல்லிப் பாருங்கள், சுற்றி நிற்பவர்கள் மூன்று யோசனை சொல்வார்கள். தண்ணி ஊத்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, ரேடியேட்டரை மாத்து. மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது பலித்துவிடுவதால் மூன்றுமே இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் எந்த நேரத்தில் சூடாகிறது, ஓடும்போதா நிற்கும்போதா, கூலன்ட் குறைகிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸும் அதே ரேடியேட்டரை நம்பித்தான் ஓடுகிறது. இது பல ஓட்டுநர்களுக்குத் தெரியாது, சில ஒர்க்‌ஷாப்புகளும் சமயத்தில் மறந்துவிடுகின்றன.

பானட்டைத் திறந்தால் எது என்ன என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு டார்ச்சும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

## ரேடியேட்டரின் வேலை என்ன?

என்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சுழற்றும் சக்தியாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போய்விடும். மீதியில் பெரும்பகுதி என்ஜினின் உலோகத்தில் இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியும் என்ஜின் உருகாமல் இருக்கக் காரணம், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள குழாய்ப் பாதைகளில் ஓயாமல் ஓடும் கூலன்ட். தண்ணீரும், கிளைகால் என்ற திரவமும், துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் சேர்ந்த கலவைதான் அது.

வாட்டர் பம்ப் இந்தக் கூலன்ட்டைத் தள்ளுகிறது. அது என்ஜினில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போகிறது. குழாய்களோடு ஒட்டியிருக்கும் மடிப்புத் தகடுகளில், அதாவது ஃபின்களில், வெப்பம் பரவுகிறது. அவற்றின் இடையே பாயும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது.

ஆக, ரேடியேட்டர் குளிர்ச்சி எதையும் தயாரிப்பதில்லை. வெப்பத்தை வாங்கிக் காற்றிடம் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. என்ஜின் உலோகத்திலிருந்து கூலன்ட், கூலன்ட்டிலிருந்து ரேடியேட்டர், ரேடியேட்டரிலிருந்து காற்று என்று மூன்று முறை வெப்பம் கை மாறுகிறது. எந்தக் கைமாற்றம் நடக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பழுது பார்த்தாயிற்று.

தெர்மோஸ்டாட் என்பது இந்தப் பாதையில் இருக்கும் வால்வு. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும். என்ஜினைப் பொறுத்து 80 முதல் 95 டிகிரிக்குள் அது திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும், என்ஜினும் சீக்கிரம் சூடேறும். இதைக் கழற்றிப் போட்டால் என்ஜின் வெகு நேரம் குளிர்ந்தே ஓடும், தேய்மானம் கூடும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். இன்னொன்றும் உண்டு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போதே, கூலன்ட் ரேடியேட்டரைத் தொடாமல் திரும்பி ஓடும் குறுக்கு வழியையும் அதுதான் அடைக்கிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், கொதிக்கும் கூலன்ட்டில் ஒரு பகுதி அப்படியே என்ஜினுக்குத் திரும்பிவிடும். மேடேறும்போது முன்பைவிடச் சூடாகவும் வாய்ப்புண்டு. தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடுங்கள். கழற்றி எறிவது வைத்தியம் ஆகாது.

இதுவரை பார்த்தது: என்ஜினின் வெப்பத்தை வெளியே கொண்டுபோகக் கூலன்ட், பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், காற்று என ஐந்தும் வேண்டும். ஒன்று படுத்தாலும் டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும்.

## மூடி செய்யும் வேலை

ரேடியேட்டர் மூடி ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பிரஷர் குக்கரை வைத்துச் சொல்லிவிடலாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் வெயிட் போட்டு அழுத்தம் ஏற்றினால் அது 120 டிகிரி வரை போகும். ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் இங்கே வெயிட். தண்ணீரும் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலன்ட் திறந்திருந்தால் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கொதிநிலை 130 டிகிரியை நெருங்கும். என்ஜின் 100 டிகிரியை ஒட்டி ஓடினாலும் கூலன்ட் கொதிக்காமல் இருப்பது இதனால்தான்.

மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் முன்கூட்டியே கொதிக்கும். கொதித்தால் உண்டாகும் ஆவிக்குமிழ்கள் உலோகத்தை ஒட்டிக்கொள்ளும். ஆவியால் திரவம் அளவுக்கு வெப்பத்தை வாங்க முடியாது, ஆகவே அந்த இடம் மட்டும் தனியாகக் காயும். பம்ப், ஃபேன், ரேடியேட்டர் எல்லாம் நன்றாக இருந்தும் மூடி ஒன்றுக்காகப் பொங்கி வழியும் கார்கள் நிறைய உண்டு. என்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையத்தில் விரிசல் இருக்கிறதா, வெள்ளையாகப் படிவு ஒட்டியிருக்கிறதா, நடுவில் இருக்கும் குட்டி வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் சட்டென்று திரும்புகிறதா? ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் மூடியை மாற்றிவிடுங்கள். புதியதில் அச்சடித்திருக்கும் அழுத்த எண் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

குக்கரோடு ஒப்பிடுவது இதற்கு மேல் பொருந்தாது. குக்கர் ஆவியை வெளியே விட்டுவிடும். பழைய வகை ரேடியேட்டர் மூடியோ, மிஞ்சிய கூலன்ட்டைப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்குக்கு அனுப்பும், ஆறியதும் அந்தக் குட்டி வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டேங்கில் மட்டம் சற்று ஏறி இறங்குவது இயல்பு. புதிய கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது, அழுத்தம் தாங்கும் டேங்கின் மூடிதான் இந்த வேலையைப் பார்க்கும். எதுவானாலும் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போன அந்தக் கணமே 110 டிகிரி கூலன்ட் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸைக் கையால் பிடிக்க முடிந்து, அமுக்கினால் மெத்தென்று அமுங்கும்வரை காத்திருங்கள்.

## வெறும் தண்ணீர் போதாதா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிடக் கெட்டிக்காரன். "தண்ணீர்தான் பெஸ்ட்" என்று சொல்பவர்கள் அந்த ஒரு விஷயத்தில் சரி. ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், உறைந்தால் விரிந்து என்ஜினில் விரிசல் விழ வைக்கும், உள்ளே துருவேற்றும். உப்புத் தண்ணீராக இருந்தால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும்.

கெட்டிக் கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறுதான். கிளைகால் தனியாக இருந்தால் வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும். தனிக் கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், சரிபாதிக் கலவையோ மைனஸ் 37 வரை தாங்கும். கேனில் இருப்பது அப்படியே ஊற்றுவதா, கலந்து ஊற்றுவதா என்று பார்த்து வாங்குங்கள். கலப்பதென்றால் டிஸ்டில்டு வாட்டர். பச்சை, பிங்க், நீலம் எல்லாம் சாயம் மட்டுமே, நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பார்த்து ஊற்றுங்கள். ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் உள்ளே கூழாகக் கட்டிக்கொள்ளக்கூடும்.

நடுவழியில் வேறு வழியில்லை என்றால் தண்ணீர் ஊற்றி ஊர் போய்ச் சேரலாம், தப்பில்லை. ஆனால் கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: கூலன்ட் பாதை மூடிய வட்டம். பெட்ரோல் மாதிரிச் செலவாகும் பொருள் இல்லை அது. மாதாமாதம் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் எங்கோ ஒழுகுகிறது.

## எப்போது சூடாகிறது என்று பாருங்கள்

நெரிசலில் நின்றால் முள் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்றால் கூலன்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், காற்றுதான் போதவில்லை. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போதுதான் ஃபேன் தேவை. ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், சென்சார் என்று வரிசையாகத் தேடலாம். ஃபேன் பக்கம் கையை மட்டும் நீட்டாதீர்கள், சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

நேர் எதிராக, ஊருக்குள் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையிலோ மேடேறும்போதோதான் சூடாகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். அங்கே வெப்பம் அதிகமாக உற்பத்தியாகிறது, அதைக் கொண்டுபோகும் ஓட்டம் ஈடுகொடுக்கவில்லை. ரேடியேட்டர் உள்ளே படிவு கட்டியிருக்கலாம். பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கிறதோ என்னவோ. கீழ் ஹோஸ் நைந்துபோய், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும், ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் தூசியும் பூச்சியும் சருகும் அடையாக அப்பிக் கிடக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, எப்படி ஓட்டினாலும் சூடாகிறதா? கூலன்ட் குறைவாக இருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றிருக்கும். மேல் ஹோஸ் தொட முடியாதபடி சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகப்படலாம்.

எனக்குப் பிடித்த சோதனை ஹீட்டர். காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர், அதே கூலன்ட் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் மேலே நிற்கும்போது ஹீட்டரைப் போட்டால் அனல் அடிக்க வேண்டும். குளிர்ந்த காற்று வந்தால் அங்கே கூலன்ட் எட்டவில்லை என்று அர்த்தம். ஒன்று மட்டம் குறைந்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கும். கூலன்ட் மாற்றிய கையோடு வரும் ஏர் லாக் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். காற்றை வெளியேற்றும் முறை காருக்குக் கார் மாறும்.

டாஷ்போர்டு முள்ளை முழுதாக நம்ப வேண்டாம். இன்றைய கார்கள் பலவற்றில், ஓட்டுபவர் வீணாகப் பதறக்கூடாது என்று, வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். கூலன்ட் முழுக்க ஒழுகிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், அப்போது அளவைக் குறைத்தும் காட்டலாம். முள் சாதுவாக இருந்து பானட்டிலிருந்து ஆவி வந்தால் ஆவியை நம்புங்கள். காரின் கணினியைப் படிக்க டாஷ்போர்டுக்குக் கீழே செருகும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் உண்மையான டிகிரியையே பார்க்கலாம்.

சுருக்கமாக: நிற்கும்போது சூடு என்றால் காற்று, வேகத்தில் சூடு என்றால் ஓட்டம், எப்போதும் சூடு என்றால் மட்டம் அல்லது தெர்மோஸ்டாட். இது தேடலைத் தொடங்கும் இடம், தீர்ப்பு அல்ல.

## கூலன்ட் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை

சிறிய வெளிக் கசிவு சூட்டிலேயே காய்ந்துவிடலாம், தரைக்கு வராது. ஹோஸ் இணைப்புகள், பம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியும் அலுமினியமும் சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் நிறமான உலர்ந்த படிவு இருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான மூட்டம் படிந்து, உள்ளே இனிப்பான வாடையும் அடித்து, முன்பக்கக் கார்ப்பெட்டும் ஈரமாக இருந்தால் ஹீட்டருக்குள் ஒழுகுகிறது.

உள்கசிவு என்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்பகுதிக்கும் நடுவே இருந்து சிலிண்டரில் எரியும் வாயு, எண்ணெய், கூலன்ட் மூன்றையும் கலக்காமல் பிரித்து வைக்கும் தகடு அது. கிழிந்தால் என்ஜின் சூடேறிய பிறகும் சைலன்சரில் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காது, கூலன்ட் டேங்கில் குமிழிகள் விடாமல் வரும். காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகிவிடும். எண்ணெய் மூடிக்கு அடியில் வெளிர் நுரை கொஞ்சம் இருந்தால் மட்டும் பயந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரப்பதத்தாலும் அது வரும். டேங்கின் வாயில் வைத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனை ஒன்று ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும். இதைச் செய்யாமல் என்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் சம்மதிக்காதீர்கள்.

ஒழுகலை அடைக்கும் பொடிகளைப் பற்றி என் கருத்து: வழியில் மாட்டிக்கொண்டால் தவிர வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கக்கூடும்.

## கியர்பாக்ஸுக்கு எதற்குக் குளிர்ச்சி?

மேனுவல் கியர்பாக்ஸில் பற்கள் உராய்ந்து உண்டாகும் வெப்பம் சொற்பம். அதன் வெளிக்கூடே அதைக் காற்றில் விட்டுவிடும், பெரும்பாலும் தனிக் கூலர் இருக்காது.

வழக்கமான ஆட்டோமேட்டிக்கின் கதை வேறு. அங்கே கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். எண்ணெய் நிரம்பிய ஒரு கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு இறக்கைச் சக்கரங்கள். என்ஜின் ஒன்றைச் சுற்றும். அது வாரியடிக்கும் எண்ணெய் மற்றதைத் தள்ளிச் சுற்ற வைக்கும். இரண்டும் நேரடியாக இணைக்கப்படாததால்தான் சிக்னலில் டி-யில், அதாவது முன்னோக்கி ஓடும் டிரைவ் நிலையில், நின்றாலும் என்ஜின் அணையாமல் ஓடுகிறது. ஆனால் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றும்போது, அந்த வித்தியாசம் முழுக்க எண்ணெயில் வெப்பமாக இறங்கும்.

ஆகவே நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போவது இந்தக் கியர்பாக்ஸுக்கு ஓய்வு. அப்போது லாக்-அப் என்ற கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும், வழுக்கலே இருக்காது. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசல், செங்குத்தான மேடு, பின்னால் எதையாவது இழுத்துச் செல்வது, மணலில் மாட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பது, இவைதான் அதை வாட்டும்.

இந்த எண்ணெய்க்கு ஏடிஎஃப் என்று பெயர். உராய்வைக் குறைப்பது, அழுத்தத்தால் கியர்களை மாற்றுவது, வெப்பத்தைச் சுமப்பது மூன்றும் அதன் வேலை. பல கார்களில் சூடான ஏடிஎஃப் உலோகக் குழாய் வழியாக வந்து, ரேடியேட்டரின் பக்கவாட்டு டேங்குக்குள் மூழ்கியிருக்கும் சிறிய கூலருக்குள் போகும். எண்ணெய் உள்ளே, கூலன்ட் வெளியே, நடுவில் மெல்லிய உலோகச் சுவர். கூலன்ட்டே சூடாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ரேடியேட்டரைக் கடந்து ஆறிய கூலன்ட்தான் அங்கே இருக்கும், எண்ணெய் அதைவிடச் சூடு. குளிர்ந்த காலையில் இதே ஏற்பாடு எண்ணெயைச் சீக்கிரம் சூடேற்றவும் உதவும். வேறு சில கார்களில் கியர்பாக்ஸின் மேலேயே ஒரு வெப்ப மாற்றி இருக்கும், அல்லது முன்னால் தனியாகக் காற்றில் ஆறும் கூலர் இருக்கும். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக்குகளிலும் பெரும்பாலும் இதுபோன்ற ஏற்பாடுதான்.

ஏடிஎஃப் பொதுவாக 80 முதல் 95 டிகிரிக்குள் ஓடும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. 120-ஐத் தாண்டினால் எண்ணெய் வேகமாகச் சீரழியும், 150-ஐ நெருங்கினால் சீல்கள் இறுகி, கிளட்ச் தட்டுகள் கருகும்.

இரண்டு நோயும் ஒன்றையொன்று தொற்றும். என்ஜின் சூடேறினால் ஏடிஎஃப் தன் வெப்பத்தை இறக்க இடமில்லாமல் தவிக்கும். கியர்பாக்ஸ் உள்ளே வழுக்கினால் அந்த வெப்பம் கூலன்ட்டுக்கு வந்து என்ஜின் முள்ளை ஏற்றும். ரேடியேட்டரைப் புதிதாகப் போட்ட பிறகும் மேட்டில் சூடாகும் ஆட்டோமேட்டிக் கார்களில் இதைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு வெப்பநிலைகளையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முதலில் ஏறுகிறது என்று பார்த்தால் விடை தெரியும்.

டி போட்டதும் வண்டி நகரத் தாமதம், என்ஜின் சுற்றும் வேகமான ஆர்பிஎம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாமை, கியர் மாறும்போது குலுக்கல், இவையெல்லாம் அறிகுறிகள். எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் என்ற குச்சி இருந்தால் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். தெளிந்த சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பாகி, கருகிய வாடையும் அடித்தால் சூடு கண்ட எண்ணெய். பால் கலந்ததுபோலக் கலங்கிய பிங்க் என்றால் அடுத்த பகுதியை உடனே படியுங்கள். புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. குறிப்பிட்ட எண்ணெய்ச் சூட்டில் ஒர்க்‌ஷாப்பில்தான் மட்டம் பார்க்க முடியும்.

## கலங்கிய பிங்க் எண்ணெய்

ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்த மெல்லிய சுவர் அரித்து ஓட்டையானால் எண்ணெயும் கூலன்ட்டும் கலந்துவிடும். என்ஜின் ஓடும்போது பொதுவாக எண்ணெயின் அழுத்தம் அதிகம், அது கூலன்ட்டுக்குள் போகும். அணைத்ததும் எண்ணெய் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் மட்டும் நிற்கும். அப்போது கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையையும் அதை ஒட்டியிருக்கும் பசையையும் தண்ணீரும் கிளைகாலும் இளக்கிவிடும். அமெரிக்காவில் விற்ற 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், ஃப்ரான்டியர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில் இந்தக் கோளாறு பரவலாகப் பேசப்பட்டது. வழக்கு நடந்து, ரேடியேட்டருக்கான வாரன்டியும் நீட்டிக்கப்பட்டது.

இந்த நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஒர்க்‌ஷாப் வரை ஓட்டியும் போகாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாமல் பிளாட்பெட் லாரியில் ஏற்றிப் போக வேண்டும். கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும், சக்கரங்கள் மட்டும் உருண்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் உரசும். சீக்கிரம் பிடித்துவிட்டால் புது ரேடியேட்டர் போட்டு, இரு பக்கமும் நன்றாகக் கழுவி, புது எண்ணெய் நிரப்பித் தப்பிக்கலாம். நாள் கடந்திருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

## வழியில் முள் ஏறினால்

முள் ஏறத் தொடங்குகிறது, ஆவி எதுவும் இல்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும், ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள். அந்தக் குட்டி ரேடியேட்டர் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துபோகும், ஒரு ஹோஸோடு முடிந்திருக்க வேண்டிய வேலை என்ஜினைப் பிரிப்பதில் வந்து நிற்கும். ஆவி அடங்கும்வரை பானட்டைத் திறக்க வேண்டாம். குறைந்தது அரைமணி நேரம் கழித்து ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிக்குப் போங்கள்.

அப்புறம், மெக்கானிக்கிடம் போகும்போது வெறுமனே "ஹீட் ஆகுது" என்று சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு, என்ன வேகத்தில், ஏசி போட்டிருந்தபோதா, மேட்டிலா சமதளத்திலா, ஹீட்டரில் என்ன காற்று வந்தது, எவ்வளவு கூலன்ட் ஊற்ற வேண்டியிருந்தது, கியர் மாறியதில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். எந்தப் பாகத்திலிருந்து தேடத் தொடங்குவது என்று அவருக்கு அதைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும்.